மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: 2024 மார்ச் 4, திங்கள்

அக்கா, அண்ணன்மார்களே, ஒன்பது வருட அனுபவம், ஜாவா பேக்எண்ட். மூன்று வருடமாக டீம் லீட், ஏழு பேர். எங்கள் மேனேஜர் வேறு கிளையண்ட்டின் வேலைக்குப் போகிறார், ஏப்ரலில் இருந்து நீ எடுத்துக்கொள் என்கிறார்கள். எனக்குக் கோட் எழுதத்தான் பிடிக்கும். டீமில் யாராலும் தீர்க்க முடியாத பக் கடைசியில் என்னிடம்தான் வரும். மாட்டேன் என்றால் இதோடு நின்றுவிடுவாய் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நன்றாகக் கோட் எழுதுகிறவன் நல்ல மேனேஜராகவும் இருப்பான் என்றுதான் நினைக்கிறேன், டெக்னிகலாக ஒன்றும் தெரியாத மேனேஜர்களிடம் பட்டது போதும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

நன்றாகக் கோட் எழுதுகிறவன் நல்ல மேனேஜராகவும் இருப்பான் என்ற உங்கள் வரியை முதலில் எடுக்கிறேன். நானும் அதே நம்பிக்கையோடுதான் 2013-இல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தேன். 2006-இல் சோழிங்கநல்லூரில் டிரெய்னியாக ஆரம்பித்து ஏழு வருடம் கோட், ஐந்து வருடம் மேனேஜர், அப்புறம் இரண்டு வருடம் திரும்பவும் கோட், இப்போது மறுபடியும் மேனேஜர். இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கூகுள் 2008 வாக்கில் தன் மேனேஜர்களையே ஆராய ஆரம்பித்தது, ஆக்ஸிஜன் என்று அதற்குப் பெயர். மேனேஜர் என்று ஒருவர் எதற்கு என்று கேட்கும் இன்ஜினியர்கள் நிறைந்த இடம், அவர்களுக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மேனேஜர்களிடம் இருந்த எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். டெக்னிகல் அறிவு அந்த வரிசையில் உண்டு, எட்டாவதாக. முதலில் வந்தது ஆளை வளர்த்துவிடுவது. டெக்னிகல் தெரியாமல் இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒன்றும் தெரியாதவர் மூன்று வாரத்து வேலையை மூன்று நாளில் முடிப்பதாகக் கிளையண்ட்டிடம் ஒத்துக்கொண்டு வந்துவிடுவார், அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது.

டீமில் தீராத பக் எல்லாம் உங்களிடம் வருகிறது என்றீர்கள். சரி. "அண்ணா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று கடைசியாக உங்களிடம் யார், எப்போது வந்து சொன்னார்கள்? யோசித்துப் பாருங்கள். போன மாதம் என்றால் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கே வரவில்லை என்றால், ஏழு பேரும் தப்பே செய்யவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மார்ச் 5

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சொல்கிறேன்.

2014 ஆகஸ்ட், நான் மேனேஜர் ஆகி முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. காப்பீட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பாலிசி விவரங்களைப் பழைய டேட்டாபேஸில் இருந்து புதியதற்கு மாற்றும் வேலை. வெள்ளி இரவு கட்ஓவர், அதாவது பழையதை நிறுத்திப் புதியதற்கு மாறுவது, எங்களுக்குக் கொடுத்தது ஆறு மணி நேரம். மாற்றும் ஸ்கிரிப்ட்டை எழுதியவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், கெட்டிக்காரன். செவ்வாய்க்கிழமை ட்ரையல் ரன்னிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இது ஆறு மணி நேரத்தில் முடியாது, பதினான்கு ஆகும் என்று. ஸ்டேட்டஸ் எக்செல்லில் வியாழன் வரை அவன் கட்டம், எல்லாம் சரியாகப் போகிறது என்று, பச்சையாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு எல்லாம் பாதியில் நின்று, ரோல்பேக் செய்து பழையதற்கே திரும்பி, ஞாயிறு மதியம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை ஆர்சிஏ மீட்டிங், ஏன் இப்படி ஆனது என்று மூலக்காரணம் தேடுவதற்கு. ஐடி கார்டு நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது அந்தப் பையனுக்கு. மூலக்காரணம் என்ற கட்டத்தில் "ஹ்யூமன் எர்ரர், உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை" என்று டைப் செய்தது நான்தான். அவன் முன்னாலேயே, புரொஜெக்டரில் எல்லோரும் பார்க்க. மூன்று மாதத்தில் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிட்டான்.

அன்றிலிருந்து எனக்கு மேனேஜர் வேலை என்றால் இதுதான்: கெட்ட செய்தி என்னிடம் சீக்கிரம் வந்து சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் கட்ஓவரை ஒரு வாரம் தள்ளியிருக்கலாம், அல்லது பழைய பாலிசிகளை முன்கூட்டியே மாற்றி வைத்திருக்கலாம். கிளையண்ட் கொஞ்சம் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். வெள்ளி இரவு வந்ததால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

மார்ச் 6

"தினமும் ஸ்டாண்ட்அப் இருக்குமே, அதில் வெளியே வந்திருக்காதா?" நல்ல கேள்வி. வரவில்லை. பதினோரு பேர் வட்டமாக நிற்போம், ஆளுக்கு ஒரு நிமிடம், நான் கையில் நோட்டோடு. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள், ஒருவர் இன்னொருவரைப் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல. அங்கே "உள்ளேன் ஐயா"தான் வரும், "எனக்கு முடியவில்லை" வராது. இப்போது என் டீமில் ஸ்டாண்ட்அப்பை நான் நடத்துவதில்லை, வாரம் ஒருவர் முறைவைத்து நடத்துகிறார்கள், நான் நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக என் வேலையைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். சின்ன மாற்றம்தான், ஆனால் இரண்டே வாரத்தில் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

மார்ச் 9, சனி

"தப்புச் செய்தவனைக் கேட்காமல் விட்டால் நாளைக்கு எல்லோரும் செய்வார்கள்" என்று எழுதியவருக்கு. இந்த வாதத்தை நான் இருபது தடவையாவது கேட்டிருக்கிறேன், ஒரு காலத்தில் நானே சொல்லியும் இருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2017 ஜனவரி 31. கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பில் ஒரு இன்ஜினியர், டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் (இரண்டாவது சர்வரில் நகல் வைப்பது) சிக்கலோடு ராத்திரி வெகுநேரமாகப் போராடிக்கொண்டிருந்தவர், இரண்டாவது சர்வரில் இருக்கும் ஃபோல்டரைத்தான் அழிக்கிறோம் என்று நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபிதான். பேக்கப்பைத் தேடிப் போனால், தினசரி பேக்கப் விழவே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று மெயில் அனுப்பவும் ஏற்பாடு இருந்தது, ஆனால் அந்த மெயில்களில் முறையான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பியடித்ததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான், தளம் மீண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.

அவர்கள் அப்புறம் செய்ததுதான் எனக்கு முக்கியம். நடப்பதை எல்லோரும் பார்க்கும்படி ஒரு ஆவணத்தில் எழுதிக்கொண்டே வந்தார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், அறிக்கையில் அந்த இன்ஜினியரின் பெயரைக் குறிப்பிடாமல் டீம் உறுப்பினர் ஒன்று என்று எழுதினார்கள். அவரைத் துரத்திவிட்டு மூலக்காரணம் ஹ்யூமன் எர்ரர் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 9.2, 9.6 விஷயமும் திரும்பி வந்த மெயிலும் அப்படியே கிடந்திருக்கும். அந்தப் பேக்கப் நிரலில் அடுத்து யார் வேண்டுமானாலும் இடறியிருக்கலாம்.

இன்னொன்று. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் குழுவாக எப்படி வேலை செய்கிறார்கள், மருந்து கொடுப்பதில் எவ்வளவு பிழை வருகிறது என்று பார்த்தார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் பிழை அதிகம் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தால், அங்கே தயங்காமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி வைத்தார்கள். 1999-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கு ஹெச்ஆர் ஸ்லைடுகளில் எல்லாம் வரும் உளவியல் பாதுகாப்பு என்ற பேச்சுக்கு அடிப்படை. ஸ்லைடில் அது டீம் லஞ்ச், விளையாட்டு என்று நீர்த்துப்போய்விட்டது. தப்பை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம்.

மார்ச் 10

இழை எங்கேயோ போய்விட்டது, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மேனேஜர் ஆகாவிட்டால் நின்றுவிடுவோமா?

இடத்தைப் பொறுத்தது. சொந்த மென்பொருளை விற்கும் ப்ராடக்ட் கம்பெனி என்றால் சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று கோட் எழுதுகிறவர்களுக்கும் ஏணி இருக்கும், அதில் மேலே போனவர்கள் கண்ணெதிரே இருப்பார்கள். சர்வீஸ் கம்பெனியில் ஏணி காகிதத்தில் இருக்கும். கிளையண்ட்டுக்கு ஆள்கணக்கில் பில் போடுகிற இடத்தில் பதினைந்து வருட அனுபவம் உள்ள ஒருவர் கோட் மட்டும் எழுதினால் கட்டுப்படியாகாது, அதனால்தான் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆள் யாரையும் நிர்வகிக்காமல், உங்கள் மேனேஜர் வாங்குகிற சம்பளத்தை வாங்குகிற ஒருவரை உங்கள் ஆபீசில் காட்டச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டும், பாலிசி பக்கத்தைக் காட்டினால் கணக்கில் வராது.

2018-இல் நானே கேட்டுக்கொண்டு கோட் எழுதத் திரும்பினேன். சம்பளம் குறையவில்லை, அடுத்த இரண்டு வருடம் ஏறவும் இல்லை. ஆபீசில் யாரும் நேரில் கேட்கவில்லை, ஆனால் கேண்டீனில் குரலைத் தாழ்த்தி "என்ன ஆச்சு" என்பார்கள். அம்மா ஊரிலிருந்து போன் செய்து "உன்ன எறக்கிட்டாங்களாமே, யாரோ சொன்னாங்க" என்று அழுதார். முதல் நான்கு மாதம் கஷ்டம்தான், டாக்கர், குபர்னெட்டஸ் என்று புதுப்புதுக் கருவிகள், நான் போன போது இல்லாத ஊர் அது. ஆனால் என்னைவிட ஏழு வயது சின்னவள் நான் எழுதியதைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் 23 கமெண்ட் போட்டாள், ஒன்றுகூடக் குத்தலாக இல்லை, ஒவ்வொன்றிலும் ஏன் என்று எழுதியிருந்தாள். அதுவரை நான் எழுதிய ரிவ்யூக்களில் "ஏன்" என்பதே இருந்ததில்லை. அதனால் இது ஒருவழிப் பாதை என்று பயப்படாதீர்கள். ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் கையை விட்டுவிட்டால் திரும்புவது ரொம்பக் கடினம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 16, சனி

மார்ச் 5 அன்று எழுதியதில் பெரிய தவறு இருக்கிறது. அதை அழிக்காமல் விட்டு, இங்கே திருத்துகிறேன்.

அந்தக் கோவில்பட்டிப் பையனைப் பற்றி எழுதிய பிறகு மனசு ஒப்பவில்லை. பழைய சக ஊழியர் ஒருவரிடம் நம்பர் வாங்கிப் பேசினேன், பத்து வருடம் கழித்து. கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறான், பெண் குழந்தைக்கு மூன்று வயது. இப்படி எழுதியிருக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டு, யாரிடமும் சொல்லவில்லை என்ற வரியைப் படித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மேடம், நான் மெயில் போட்டேனே" என்றான்.

செவ்வாய் இரவு பதினோரு மணிக்கு மேல், விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் திருத்தித் திருத்தி எழுதினானாம். தலைப்பு, "மைக்ரேஷன் பற்றி ஒரு சின்ன டவுட்", அதை ஆங்கிலத்தில். கடைசிப் பத்தியில்தான் பதினான்கு மணி நேரக் கணக்கு. முதல் இரண்டு பத்தியும் மன்னிக்கவும், தொந்தரவு செய்வதற்கு. புதன்கிழமை என் சீட்டுக்கும் வந்தானாம். நான் ஹெட்செட்டைக் கழற்றாமல் ஐந்து விரலைக் காட்டினேனாம், ஐந்து நிமிடம் என்று. பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டான். மெயில் பார்த்திருப்பார், பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் போல, என்று நினைத்துக் கட்டத்தைப் பச்சையாகவே விட்டிருக்கிறான்.

அந்தத் தலைப்பைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. திறந்த ஞாபகம் இல்லை.

ஆர்சிஏ மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க டைப் பண்ணிட்டு இருந்தீங்க மேடம்" என்றான். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், எவ்வளவு நாளாச்சு" என்றான், ஆனால் தேதி, நேரம், தலைப்பு எல்லாம் அவனுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

இத்தனை நாளும், ஏன், இந்த இழையிலும், ஆட்கள் கெட்ட செய்தியை மறைக்கிறார்கள், அவர்கள் பயத்தைப் போக்க வேண்டும் என்றுதான் சொல்லிவந்தேன். பாதிதான் சரி. செய்தி வந்துவிட்டது, நான்தான் பார்க்கவில்லை.

கிட்லேப் பற்றி எழுதும்போது திரும்பி வந்த மெயில்கள் என்று சாதாரணமாகக் கடந்துபோனேன். இதையும் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1, நியூயார்க் பங்குச்சந்தையில் நைட் கேபிடல் என்ற பங்குத்தரகு நிறுவனம். புதிதாக எழுதிய கோட், எட்டு சர்வர்களில் போட வேண்டும், ஏழில் போட்டு எட்டாவதை விட்டுவிட்டார்கள். பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் அந்த ஒன்றில் உயிர்பெற்று, தானாகப் பங்குகளை வாங்கித் தள்ளியது. சுமார் 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இது பலருக்கும் தெரிந்த கதைதான். அன்று காலை சந்தை 9.30-க்குத் திறப்பதற்கு முன்பே, எட்டு மணியில் இருந்து, அவர்களுடைய சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருந்தது, அந்தப் பழைய கோடின் பெயரையே குறிப்பிட்டு. அவை எச்சரிக்கை என்று வடிவமைக்கப்பட்ட மெயில்கள் அல்ல, ஆபீசில் தினமும் வந்து குவியும் மெயில் மாதிரி இருந்தன, யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் உத்தரவிலேயே இது இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு மெயில், ஒரே ஒரு பையன்.

மார்ச் 17

நேற்று எழுதியதில் இருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, ஆனால் ஒன்று தெளிவாகியிருக்கிறது. "தயங்காம சொல்லுங்க" என்று டீமிடம் சொல்வது போதாது. அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நம் ஊர் ஆட்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படி. அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

"முடிச்சிருவேன்" என்பதில் ஆள் இருக்கிறான், அவன் முடிப்பான். "முடிஞ்சிரும்" என்பதில் ஆளே இல்லை, வேலை தானாக முடிய வேண்டும். ஒரு வாரமாக முடிச்சிருவேன் என்றவர் வியாழக்கிழமை முடிஞ்சிரும் என்கிறார் என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். "பாத்துக்கலாம்" என்றால் இன்னும் பார்க்கவில்லை. "ட்ரை பண்றேன்" என்றால் பெரும்பாலும் முடியாது, முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்பதைச் சம்மதம் என்று நான் பல வருடம் எடுத்துக்கொண்டேன், நிறையப் பேருக்கு அது காதில் விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஆல்மோஸ்ட் முடிஞ்சது" எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு சின்ன டவுட்" தனி ரகம். சின்ன சந்தேகத்தை யாரும் மேனேஜரிடம் கொண்டுவர மாட்டார்கள், பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார்கள், இல்லை கூகுள் இருக்கிறது. மேனேஜர் வரைக்கும் நடந்து வந்து சின்ன டவுட் என்றால், அது சின்னது இல்லை, டவுட்டும் இல்லை.

மொழி தெரியாத வெளிநாட்டு மேனேஜருக்கு இது கேட்காது என்பது புரிகிறது. எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 23

அப்ரைசல் சீசன், எல்லோரும் ரேட்டிங் பற்றியே கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் இதில் மேனேஜர் கையில் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பத்துப் பேர் நன்றாகச் செய்தாலும் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங், ஒருவராவது கீழே இருக்க வேண்டும் என்கிற பெல் கர்வ், டீமை ஒருவருக்கொருவர் எதிரியாக்கும். தன் தப்பைச் சொன்னால் கீழே தள்ளப்படும் இடத்தில் யார் சொல்வார்கள்? மைக்ரோசாஃப்ட் இப்படி ஆட்களை வரிசைப்படுத்துவதை 2013 நவம்பரில் கைவிட்டது. இங்கே பல இடங்களில் வேறு பெயரில் இன்னும் ஓடுகிறது.

மகப்பேறு விடுப்பு முடிந்து வந்ததும் ரேட்டிங் இறங்கிவிட்டது என்று எழுதிய தங்கைக்கு: 26 வாரம் 2017 திருத்தத்தில் வந்த சட்ட உரிமை, யாரும் தயவு பார்த்துக் கொடுத்தது இல்லை. வருடத்தில் மீதி ஆறு மாதம் நீங்கள் செய்ததை அந்த ஆறு மாதத்துக்கு வைத்துத்தான் மதிப்பிட வேண்டும், பன்னிரண்டு மாதம் செய்தவரோடு எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது. என்ன செய்தீர்கள் என்று தேதியோடு எழுதி, ரேட்டிங்குக்குக் காரணத்தை மெயிலில் கேளுங்கள். நானும் இதைப் பட்டவள். அன்று கேட்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

மார்ச் 24

தம்பி தனியாகக் கேட்டிருந்தார், பொதுவிலேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். எடுத்துக்கொள்ளப் போகும் ப்ராஜெக்ட் ஏற்கெனவே தாமதம், இன்னும் நான்கு ஆள் கொடுக்கிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. ஏழு பேருக்குள் 21 ஜோடி, பதினொன்று ஆனால் 55 ஜோடி. அத்தனை ஜோடியும் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார், ஏற்கெனவே திணறுகிற உங்கள் ஏழு பேர்தான். ஒரு ஆள் வாங்குங்கள், அதோடு ஏதாவது ஒரு வேலையைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். கிளையண்ட்டிடம் இந்தக் கெட்ட செய்தியை முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், மூன்றாவது மாதத்தில் சொன்னால் அது உங்கள் தாமதம் ஆகிவிடும்.

ஏப்ரல் 2

ஒத்துக்கொண்டுவிட்டாராம். மனசார வாழ்த்துகள். முதல் வாரம் என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஒன் ஆன் ஒன் போடுங்கள், ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச்சு, ஆளுக்கு வாரம் அரை மணி நேரம். எழுவருக்கு மூன்றரை மணி நேரம், கிளையண்ட்டோடு போனில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதில் ஸ்டேட்டஸ் கேட்காதீர்கள், அதற்கு வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா இருக்கிறது. தள்ளிப்போட்டால் அதே வாரத்துக்குள் தள்ளுங்கள், கேன்சல் செய்யாதீர்கள், இரண்டு தடவை கேன்சல் ஆனால் தன் இடம் எது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். கண்ணாடி அறைக்குள் பேச வராதவரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போங்கள், நின்றுகொண்டு டீ குடிக்கும்போது வருகிற பேச்சு மீட்டிங் ரூமில் வராது. முதல் மூன்று வாரம் ஒன்றும் வராது, "எல்லாம் ஓகே அண்ணா"தான். அப்போது உங்கள் தப்பு ஒன்றை நீங்கள் முதலில் சொல்லுங்கள், நிஜமானதை, சமீபத்தியதை. நான் இப்போதெல்லாம் அந்த மெயில் விஷயத்தைச் சொல்கிறேன்.

கோட் எழுதுவதை உடனே விடாதீர்கள். ஆனால் யாராவது காத்துக்கொண்டிருக்கிற வேலையை எடுக்காதீர்கள், மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் அவர்கள் நிற்க வேண்டியதாகிவிடும். டெஸ்ட் எழுதுங்கள், டூல் எழுதுங்கள், ரிவ்யூ செய்யுங்கள். தீராத பக் வந்தால் நீங்கள் தீர்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

டீம் ஆளிடம் இருந்து வரும் மெயில் தனி ஃபோல்டரில் விழும்படி வையுங்கள். படுக்கப் போகும் முன் அதில் படிக்காதது ஒன்றும் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும்.

தம்பி நேற்று ராத்திரி எழுதியிருக்கிறார். வெள்ளி மாலை ஆறரை மணி, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம், டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் பையை மாட்டிக்கொண்டே சீட்டுக்கு வந்து "அண்ணா, ஒரு சின்ன டவுட், திங்கட்கிழமைகூடக் கேக்கறேன்" என்றாளாம். இவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் வேறு எதையோ பேசிவிட்டு, கடைசியில் சொல்லியிருக்கிறாள், ஒன்பது நாளுக்கு முன்னால் ப்ரொடக்ஷனில், அதாவது கிளையண்ட் பயன்படுத்தும் நிஜ டேட்டாபேஸில், ஒரு அப்டேட் ஓட்டியதில் நிபந்தனையில் ஒரு மாதத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டாள், சில ஆயிரம் வரிகளில் தேதி மாறியிருக்கிறது, இன்னும் யாருக்கும் தெரியாது. மாத இறுதியில் அந்தத் தேதியை வைத்துத்தான் இன்வாய்ஸ் போகும். முதலில் சொன்னதற்கு நன்றி சொன்னேன், அப்புறம் என் கையே நடுங்கியது, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்.

நன்றி சொன்னீர்களே, அது போதும், நடுங்கினால் பரவாயில்லை. இன்வாய்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. நாளை காலை அவளையே பக்கத்தில் உட்கார வைத்து எந்தெந்த வரிகள் மாறின என்று எடுங்கள், ஒன்பது நாளில் அதே வரிகளைத் தானாக ஓடும் வேறு ஏதாவது ஜாப் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதைப் பார்க்காமல் பழைய தேதியைத் திருப்பிப் போடாதீர்கள். அவள் ஓட்டுவதற்கு முந்தைய நாள் பேக்கப் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்வார்கள், நம்பாமல் வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். கிளையண்ட்டுக்கு நாளை மதியத்துக்குள் நீங்கள் எழுதுங்கள், அவள் பெயர் வேண்டாம். இரண்டாவது ஆள் பார்க்காமல் ப்ரொடக்ஷனில் அப்டேட் ஓட்ட வழி இருந்தது என்பதை மூலக்காரணமாகப் போடுங்கள். எத்தனை வரி என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், நான் நாளை முழுக்க ஆன்லைனில்தான் இருப்பேன்.